டைல்ஸ் போடும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

(பெங்களூரு புறநகரில், தமிழ் வாசகர் வட்டம் ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசியது)

வேலை முடித்து, சமையல் முடித்து இந்த நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று பேசப் போவது வீட்டுத் தரையைப் பற்றி. நாம் தினமும் கூட்டித் துடைக்கிற மேல் தரை அல்ல. டைல்ஸுக்கு அடியிலே ஒரு தரை இருக்கிறதே, அந்தக் கான்கிரீட் தரையைப் பற்றி.

நம் வட்டத்தில் பாதிப் பேர் கட்டட வேலை செய்கிறவர்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, சேலம் பக்கமிருந்து இங்கே வந்தவர்கள். ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போட்டவர்கள். இப்போது நம்மில் சிலருக்கும் சொந்தமாக இரண்டு அறை வீடு இருக்கிறது. இருபது, முப்பது வருடத்துக்கு முன் போட்ட சிமெண்ட் தரை. சிலர் வீட்டில் சிவப்புச் சாயம் கலந்து, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை. சில வீட்டில் கடப்பாக் கல்.

சீட்டுப் பணம் கைக்கு வந்தால், குழுக் கடன் வந்தால், "டைல்ஸ் போட்டுவிடலாம்" என்று முதலில் தோன்றுகிறது. தப்பில்லை. துடைக்கச் சுலபம். வீடு வெளிச்சமாகத் தெரியும். ஆனால் கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? எந்த நிறம், எந்தப் பூ என்று இரண்டு மணி நேரம் பார்க்கிறோம். அதை எதன் மேல் ஒட்டப் போகிறோம் என்று இரண்டு நிமிடம் யோசிப்பதில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் சீமந்தத்துக்கு ஆட்கள் வருவார்கள் என்று அவசரமாக டைல்ஸ் போட்டார்கள். சீட்டு எடுத்த பணம். இரண்டே நாளில் வேலை முடிந்தது. அடுத்த கோடையில் ஒரு நாள் மத்தியானம் படார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அறை நடுவில் நான்கு டைல்ஸ் கூடாரம் மாதிரி மேலே கிளம்பி நிற்கிறது. அக்கா, "குஜராத் டைல்ஸ் என்று சொல்லி மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார்கள்" என்று அழுதார்.

டைல்ஸ் மட்டம் இல்லை. குஜராத்தில் மோர்பி என்று ஓர் ஊர். நம் நாட்டில் விற்கிற டைல்ஸில் பெரும் பங்கு அங்கேதான் செய்கிறார்கள். நல்ல சரக்குதான் வந்திருந்தது. கிளம்பி நின்ற டைல்ஸைத் திருப்பிப் பார்த்தோம். சிமெண்ட் கலவை டைல்ஸோடு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கலவையின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழ என்று இருந்தது. கீழே பழைய சிவப்புத் தரை, ஒரு கீறல்கூட இல்லாமல், அப்படியே மின்னியது. புதுக் கலவை பழைய தரையை ஒரு நாளும் பிடிக்கவே இல்லை. சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. வெயிலில் டைல்ஸ் விரிந்தது. சுவர் ஓரம் இடைவெளியும் விடவில்லை. விரிய இடம் இல்லாமல் மேலே கிளம்பிவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் பத்தாவது படித்தவள். கொத்து வேலை தெரியாது. நம் வட்டத்துக்கு வருகிற மேஸ்திரி அண்ணன் முப்பது வருடமாகத் தரை வேலை செய்கிறார். அவர் போன வருடம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். சிமெண்ட் மூட்டையில் எழுதியிருப்பதை நான் அவரோடு உட்கார்ந்து படித்தேன். தரையை எப்படிப் பார்ப்பது என்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார். அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் அவரே குறுக்கே பேசுவார்.

முதல் வேலை, தட்டிப் பார்ப்பது. ஒரு கம்பித் துண்டு போதும். சுத்தியலின் மரப்பிடியும் போதும். ஓர் ஓரத்தில் ஆரம்பித்து, அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். ணங், ணங் என்று கேட்டால் தரை கெட்டி. டொப், டொப் என்று கேட்டால் உள்ளே வெற்றிடம். அந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அறை முழுவதும் தட்டி முடித்த பிறகு நின்று பாருங்கள். எத்தனை வட்டம், எந்தப் பக்கம் அதிகம் என்று தெரியும்.

உள்ளே வெற்றிடம் ஏன் வருகிறது? வீடு கட்டும்போது அடியில் மண் கொட்டி நிரப்புவார்கள். அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். அப்படி இடிக்காமல் மொத்தமாகக் கொட்டினால், பின்னால் மண் அமுங்கும். தரை அந்தரத்தில் நிற்கும். எலி வளை தோண்டினாலும் இப்படி ஆகும். குழாய் உடைந்து தண்ணீர் மண்ணை அரித்தாலும் ஆகும்.

டொப் என்று கேட்ட இடத்தின் மேலே கலவையைப் பூசி மூடக் கூடாது. கெட்டித் தரை வருகிற வரைக்கும் உடைத்து எடுக்க வேண்டும். அடி மண்ணை நனைத்து இடிக்க வேண்டும். பிறகு ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், ஆறு பங்கு ஜல்லி கலந்து கான்கிரீட் போட வேண்டும்.

அந்தக் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். எத்தனை நாள்? இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியில் இதைச் சொல்லியிருக்கிறது. சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாள். மூட்டையின் மேல் ஓ.பி.சி. என்று போட்டிருந்தால் சாதாரண சிமெண்ட். பி.பி.சி. என்று போட்டிருந்தால் அநேகமாகச் சாம்பல் கலந்தது. இப்போது கடையில் அதிகம் கிடைப்பது இதுதான். அதனால் பத்து நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விரிசல். எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. முடி மாதிரி மெல்லிய விரிசல், வருடக் கணக்காக அப்படியே கிடந்தால் பயம் வேண்டாம். வளர்கிற விரிசல்தான் பிரச்சினை. வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு உங்கள் எழுத்துப் படிப்பு உதவும். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் அடியில் ஏதோ அசைகிறது. ஒரு பக்கம் தாழ்ந்து, ஒரு பக்கம் உயர்ந்து படி மாதிரி இருந்தாலும் அப்படித்தான். அந்த நிலையில் டைல்ஸ் வாங்க வேண்டாம். விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து முதலில் காரணத்தைப் பாருங்கள். அசையாத விரிசல் என்றால், உளியால் கொஞ்சம் அகலமாக வெட்டி, தூசியைக் கழுவி, நனைத்து, கெட்டிக் கலவையால் அடைத்தால் போதும்.

மூன்றாவது ஈரம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே காய்ந்து தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். மேஸ்திரி அண்ணன் சொன்ன சோதனைக்குச் செலவே இல்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் காகிதம் ஒன்று எடுங்கள். தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுவதும் விடுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். பாலிதீனின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், அல்லது அந்த இடம் மட்டும் கறுத்திருந்தால், கீழிருந்து ஈரம் ஏறுகிறது. இரண்டு மூன்று இடத்தில் இப்படிச் செய்ய வேண்டும். சமையல் அறைப் பக்கம் ஒன்று, வெளிச் சுவர் ஓரம் ஒன்று.

ஈரம் இருந்தால் என்ன ஆகும்? டைல்ஸ் தாங்கும். ஆனால் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். கலவை மெல்ல மெல்ல வலு இழக்கும். டைல்ஸுக்குப் பதிலாகப் பாய் மாதிரி விரிக்கிற பிளாஸ்டிக் தரை போட்டால் இன்னும் மோசம். பசை விட்டுவிடும், அடியில் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். மாடித் தண்ணீர் சுவர் ஓரமாகவே விழுகிறதா? பக்கத்து வீட்டுச் சாக்கடை ஒட்டி ஓடுகிறதா? தரைக்குள் போகிற குழாய் கசிகிறதா? குழாயைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் மீட்டர் இருக்கிற வீட்டில், ராத்திரி படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடுங்கள். மேலே தொட்டி இருந்தால் அது நிரம்பிய பிறகு பாருங்கள். மீட்டரில் இருக்கிற எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறக்கும் முன் மறுபடியும் எழுதுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் மேலே எதைப் போட்டாலும் பணம் வீண்.

இனி மட்டம். ரசமட்டம் சின்ன இடத்துக்குச் சரி. அறை முழுவதற்கும் டியூப்தான் சரி. கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூப்பில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். தண்ணீருக்கு ஓரவஞ்சனை தெரியாது. வாசல் பக்கம் தரையிலிருந்து சரியாக 100 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். அதே உயரத்தை டியூப் வைத்து மற்ற மூலைகளுக்கும் கொண்டுபோய்க் கோடு போடுங்கள். இப்போது ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தரை வரைக்கும் டேப்பால் அளந்து, சுவரிலேயே எண்ணை எழுதுங்கள்.

வாசல் பக்கம் 100. ஜன்னல் மூலை 101. பின் மூலை 100. சமையல் அறை மூலை 103 என்று வைத்துக்கொள்வோம். எந்த மூலை பள்ளம்? நிறையப் பேர் 100 என்பார்கள். இல்லை. எண் பெரிதானால் கோட்டிலிருந்து தரை தூரமாக இருக்கிறது. அதாவது தரை கீழே இருக்கிறது. சமையல் அறை மூலைதான் 3 சென்டிமீட்டர் பள்ளம்.

இந்த 3 சென்டிமீட்டர் உங்கள் பணத்தை எப்படித் தின்னும் என்று கணக்குப் போடுவோம். பென்சில் எடுங்கள்.

அறை 10 அடிக்கு 12 அடி. பத்துப் பன்னிரண்டு நூற்றிருபது. 120 சதுர அடி. டைல்ஸுக்கு அடியில் ஓர் அங்குலக் கனம் கலவை போடுகிறோம். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10. பத்துக் கன அடி கலவை வேண்டும். சிமெண்டும் மணலும் நனைந்தால் அமுங்கும். அதனால் காய்ந்த நிலையில் 13 கன அடி எடுக்க வேண்டும். ஒன்றுக்கு நான்கு கலவை என்றால் மொத்தம் ஐந்து பங்கு. 13-ஐ ஐந்தால் வகுத்தால் 2.6. சிமெண்ட் 2.6 கன அடி, மணல் பத்தரைக் கன அடி. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று ஒன்றேகால் கன அடி. ஆக, இரண்டு மூட்டைக்குச் சற்றுக் கூட ஆகும்.

தரை பள்ளமும் மேடுமாக இருந்து, சராசரியாக இரண்டு அங்குலம் போட வேண்டி வந்தால்? எல்லாம் இரண்டு மடங்கு. நான்கு மூட்டைக்கு மேல் சிமெண்ட், இருபத்தொரு கன அடி மணல். "மேஸ்திரி மூட்டை மூட்டையாகக் கேட்கிறான், ஏமாற்றுகிறான்" என்று சண்டை வருவது இந்த இடத்தில்தான். முன்பே அளந்து எழுதியிருந்தால் சண்டை வராது. உண்மையில் ஏமாற்றினாலும் தெரிந்துவிடும்.

எடையையும் நினைக்க வேண்டும். ஓர் அங்குலக் கலவை இந்த அறைக்கு ஏறக்குறைய 600 கிலோ. இரண்டு அங்குலம் 1,200 கிலோ. கீழ்த் தரையில் பூமி தாங்கும். மாடி என்றால் தளம் தாங்க வேண்டும். பழைய மாடிக்கு இதைச் செய்யும் முன் பொறியாளர் ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும். இதில் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

பின்வரிசையில் பெரியம்மா கேட்கிறார்கள்: "பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் போடலாமா?" போடலாம். ஆனால் ஒவ்வொரு பழைய டைல்ஸையும் தட்டிப் பார்த்து, எல்லாம் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். அதற்கென்று விற்கிற பசை வாங்க வேண்டும். அதோடு உயரம் பார்க்க வேண்டும். தரை ஓர் அங்குலம் உயர்ந்தாலே கதவு திறக்காது. அடியில் இழைக்க வேண்டும். வாசலில் மழைத் தண்ணீர் உள்ளே வருமா? குளியல் அறைத் தண்ணீர் அறைக்குள் வருமா? முடிவில் தரை எந்த உயரத்தில் நிற்கும் என்று கதவு நிலையில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாமான் வாங்க வேண்டும்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருகிறேன். கொத்துவது.

பழைய தரை வழவழப்பாக இருந்தால் புதுக் கலவை பிடிக்காது. அந்த அக்கா வீட்டில் பார்த்தோமே, அதுதான். தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீரைத் தரை குடித்தால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் மெழுகோ எண்ணெயோ ஏறியிருக்கிறது. சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகு உளியும் சுத்தியலும் எடுத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் தரை முழுவதும் கொத்திவிட வேண்டும். அம்மிக்குப் பொளிவது போல. ஒரு நூல், இரண்டு நூல் ஆழம் போதும். மேல் வழவழப்பு போய், உள்ளே சொரசொரப்பு தெரிய வேண்டும். அதில்தான் கலவை பல் பதிக்கும். நூல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நூல். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

இயந்திரம் வைத்தும் கொத்தலாம். ஆனால் தரைக்குள் மின்சார வயரோ குழாயோ போகிற இடம் தெரியாமல் இயந்திரத்தை வைக்காதீர்கள்.

கொத்தும்போது கிளம்புகிற தூசி பற்றி நம் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும். உளி பிடிக்கிறவர் அண்ணன். கூட்டி அள்ளுகிறவர் அக்கா. மூலையில் தொட்டிலில் குழந்தை. இதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். மணலிலும் ஜல்லியிலும் சிலிகா என்ற பொருள் இருக்கிறது. கான்கிரீட்டை உடைத்தால், டைல்ஸை மெஷினில் அறுத்தால், அது கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறக்கிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்குகிறது. வருடக் கணக்கில் சேர்ந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். மூச்சு வாங்கும், இருமல் நிற்காது. அந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. காசநோயும் எளிதாகத் தொற்றிக்கொள்ளும். அதனால் கொத்தும் முன் தரையில் தண்ணீர் தெளியுங்கள். அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் வீசிக் கூட்டாதீர்கள். முந்தானையை மூக்கில் கட்டினால் போதாது. அந்தத் தூள் துணிக்குள் நுழைந்துவிடும். என்95 என்று எழுதிய முகமூடி மருந்துக் கடையில் கிடைக்கும். வேலை கொடுக்கிறவரிடம் கேட்டு வாங்குங்கள். குழந்தை அந்த அறைப் பக்கமே இருக்கக் கூடாது.

சிமெண்ட் கலவை கையையும் காலையும் அரிக்கும். ரப்பர் உறையும் பூட்ஸும் போட வேண்டும். கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள். கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொத்தி முடித்தால் கழுவ வேண்டும். கைவிரலால் தரையைத் தடவினால் மாவு மாதிரி ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னொரு தடவை கழுவுங்கள். கலவை தூசியைப் பிடித்துக்கொள்ளும், தரையைப் பிடிக்காது.

முந்தின நாள் ராத்திரி தரையை நன்றாக நனைத்து விடுங்கள். காலையில் தரை ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. பிறகு சிமெண்ட் பால் தெளித்துத் தேய்த்து, அது காயும் முன்னே கலவையைப் போட வேண்டும். அறை முழுவதும் பாலை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. காய்ந்த பால் பிடிக்காது. அது இன்னொரு தூசிப் படலம்தான்.

சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கும் முன் அதைப் படியுங்கள். எந்த வாரம், எந்த ஆண்டு என்று அச்சிட்டிருக்கும். வருடத்துக்கு 52 வாரம். 22 என்று இருந்தால் மே மாதக் கடைசி. மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை வாங்காதீர்கள். உள்ளே கைவிட்டால் கட்டி இருக்கக் கூடாது. விரலால் அழுத்தியும் உடையாத கட்டி இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

டைல்ஸிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் விடுங்கள். தண்ணீரைக் குடித்தால் அது செராமிக். அதை ஊற வைத்துக் கலவையில் பதிக்கலாம். தண்ணீர் அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. அது நூற்றுக்கு அரைப் பங்குத் தண்ணீர்கூடக் குடிக்காது. வெறும் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. பைகளில் விற்கிற ஒட்டுப் பசைதான் நல்லது. ஆனால் பசைக்குத் தரை இன்னும் மட்டமாக இருக்க வேண்டும். ஆறடி மட்டக்கட்டையை எங்கே வைத்தாலும் அடியில் ஒரு நூலுக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பசைப் பையில் எவ்வளவு தண்ணீர் கலப்பது, கலந்தபின் எத்தனை நிமிடத்துக்குள் பூசுவது என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி. பையை இங்கே கொண்டுவாருங்கள். சேர்ந்து படிக்கலாம்.

சுவர் ஓரம் இரண்டு நூல் இடைவெளி விடச் சொல்ல மறக்காதீர்கள். அதை ஓரப் பட்டை மூடிவிடும். குளியல் அறை என்றால் தண்ணீர் போகிற பக்கம் அடிக்கு ஒரு நூல் வாட்டம் வேண்டும். அங்கே டைல்ஸ் போடும் முன்னே தண்ணீர் கசியாத பூச்சுப் பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் மேஸ்திரிகளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை? நான் இதை மேஸ்திரி அண்ணனிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்னார்: "சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். டைல்ஸ் பதித்த அடிக்குத்தான் காசு. கொத்தினதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ஒரு நாள் முழுக்கக் கொத்தினால் அந்த நாள் கூலி எனக்கு நஷ்டம்."

அந்த அக்கா வீட்டு விஷயமும் இதுதான். வேலை செய்தவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாளில் முடி என்றார்கள், முடித்துவிட்டார். செய்யாத வேலைக்குக் கூலியும் பேசவில்லை. வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, வேலைக்காரராக இருந்தாலும் சரி, அடித்தரை வேலைக்குத் தனிக் கூலி பேசுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

"அறை 10 அடிக்கு 12 அடி. தரையைத் தட்டிப் பார்த்து, டொப்பு இடங்களை உடைத்து எடுத்து, புதிதாகக் கான்கிரீட் போடுவது. தரை முழுவதும் கொத்துவது. கழுவுவது. முந்தின நாள் நனைப்பது. இதற்குக் கூலி தனி. வீட்டுக்காரர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே டைல்ஸ் வேலை தொடங்கும். டைல்ஸ் பதிக்கும் கூலி சதுர அடிக்குத் தனி."

கீழே தேதி. இரண்டு பேர் கையெழுத்து. ஆளுக்கு ஒரு தாள்.

டைல்ஸ் பதித்த பிறகு அடியில் கொத்தினார்களா இல்லையா என்று யாரும் பார்க்க முடியாது. அதனால் கொத்தி, கழுவி வைத்த அன்றைக்கு வீட்டுக்காரர் லீவு போட்டாவது வீட்டில் இருக்க வேண்டும். குனிந்து கையால் தடவிப் பார்க்க வேண்டும். பணத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேஸ்திரி அண்ணன் டியூப்பும் மட்டக்கட்டையும் கொண்டு வருகிறார். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த அறைத் தரையையே அளந்து பார்க்கப் போகிறோம். வீட்டில் டேப் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். பென்சிலும் நோட்டும் எல்லோரும் கொண்டு வர வேண்டும். சாக்பீஸ் நான் வாங்கி வைக்கிறேன்.